கொத்தமல்லி விதையளவு காயம்: மனசில் பட்ட அடி உடம்பில் என்ன செய்கிறது?

கொத்தமல்லி விதை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவு, அதாவது 3.5 மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு காயம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றுக்காக 26 பெண்கள் தங்கள் முன்கையில் இப்படி ஒரு காயம் செய்துகொள்ளச் சம்மதித்தார்கள். வட்டமான சிறு கத்தியால் தோலில் துளியூண்டு வெட்டி எடுப்பார்கள். அப்புறம் அது எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்ப்பார்கள். காயத்தைப் படம் எடுத்தார்கள், அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். பச்சைப் புண் என்றால் நுரைக்கும். நுரை வராத நாள்தான் காயம் ஆறிய நாள்.

26 பேரில் 13 பேர், டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள். அது எப்படிப்பட்ட வேலை என்று அந்த மாதிரி வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மற்ற 13 பேர் அதே வயது, அதே அளவு குடும்ப வருமானம், ஆனால் அந்தச் சுமை இல்லாதவர்கள். சுமை இல்லாதவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 39 நாள் ஆனது. சுமை உள்ளவர்களுக்கு 48 நாளுக்கும் மேல். ஒரு கொத்தமல்லி விதைக்கு ஒன்பது நாள் கூடுதல்!

1995இல் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்களில் உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும், அவருடைய கணவரும் நோயெதிர்ப்பு ஆய்வாளருமான ரொனால்ட் கிளேசரும் இருந்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே குழு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரைப் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் மேல் அண்ணத்தில் இரண்டு முறை காயம்: ஒன்று கோடை விடுமுறையில், இன்னொன்று பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆள், அதே வாய், அதே அளவு காயம். பரீட்சை நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் காலம் ஆனது. பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட அது விடுமுறைக் காயத்தின் வேகத்தில் ஆறவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளும் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இவற்றில் யாரும் யாரையும் "எப்படி உணர்கிறீர்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகவில்லை. தோல் மூடியதா இல்லையா என்பதைத்தான் பார்த்தார்கள். தோல் பொய் சொல்லாது.

என் பெரியப்பா இறந்த அடுத்த மாதமே பெரியம்மாவுக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. தள்ளிப்போட முடியாத நிலைமை. சிகிச்சை நன்றாகவே முடிந்தது, ஆனால் தையல் கூடவே மாட்டேன் என்றது. சர்க்கரை பார்த்தார்கள், சீழ் வைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள், மருந்தை மாற்றினார்கள். எல்லாம் சரியான காரியங்கள்தான். இந்த விஷயத்தை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

புண் எப்படி ஆறுகிறது?

புண் தானாக ஆறுவது போலத்தான் தெரியும். உள்ளே ஒரு கட்டட வேலையே நடக்கிறது. வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து வாயை அடைக்கும். அடுத்த சில மணி நேரத்தில் வெள்ளை அணுக்கள் வந்து இறங்கும். கிருமிகளைத் தின்பதும், செத்த திசுக்களை அள்ளுவதும் அவற்றின் வேலை. புண்ணைச் சுற்றிச் சிவந்து, சுட்டு, வீங்குகிறதே, அதுதான் இந்தக் கட்டம். அழற்சி என்பார்கள். நமக்கு அது தொந்தரவாகத் தெரிந்தாலும் அது இல்லாமல் அடுத்த கட்டம் இல்லை. இடத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும், கொலாஜன் என்னும் நார்ப்புரதம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்படும், ஓரத்துத் தோல் நகர்ந்து வந்து மூடும். வெளியே ஆறிவிட்டது என்று நாம் மறந்த பிறகும் உள்ளே மாதக்கணக்கில் பூச்சு வேலை நடக்கும். அப்படியும் தழும்பு விழுந்த தோல் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

வெள்ளை அணுக்களை "இங்கே வாருங்கள்" என்று கூப்பிட ரசாயனத் தூதுகள் உண்டு. சைட்டோகைன் என்று பெயர். ஒஹாயோ ஆய்வுகளில், மனச்சுமை உள்ளவர்களின் ரத்த அணுக்கள் இந்தத் தூதுகளில் முக்கியமான ஒன்றைக் குறைவாகவே உற்பத்தி செய்யத் தயாராக இருந்தன. ஆள் கூப்பிடுவதே தாமதம் என்றால் கட்டடம் எப்படி எழும்பும்?

ஏன் தாமதம் என்பதற்கு நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளலாம். அடைமழை, கரை உடையப் போகிறது என்று தண்டோரா போடுகிறார்கள். கொத்தனார், தச்சர், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு மண்மூட்டையோடு கரைக்கு ஓடுவார்கள். பாதி கட்டிய வீடு அப்படியே நிற்கும். ஒரு ராத்திரிக்கு அது சரிதான். கரை நின்றால்தானே வீடு.

உடம்பின் தண்டோரா இப்படித்தான். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். பயந்தவரின் கை ஜில்லிட்டுப் போவது அதனால்தான். எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு என்னும் இந்த ஏற்பாட்டை ஹார்வர்டில் இருந்த வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தார். சில நிமிடங்கள் கழித்து இரண்டாவது அலையாக கார்டிசால் வரும். இது உடம்பே தயாரிக்கும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கதைதான், மாத்திரை மட்டும் இல்லை.

மழை நின்ற பிறகும் ஓயாத தண்டோரா

இதுவரை சொன்னது மன அழுத்தம். மனக்காயம் என்பது இதற்கு அடுத்த படி. விபத்து, வன்முறை, போர், கண்முன்னே ஒருவரின் சாவு, சிறு வயதில் நேர்ந்த கொடுமை. இவை நடந்து முடிந்த பிறகும் உடம்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ளாத நிலையைத்தான் மனக்காயம் என்கிறோம். மழை நின்றுவிட்டது, கரை நிற்கிறது, ஆனால் தண்டோராக்காரர் நிறுத்தவில்லை. ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு தேதி போதும். மறுபடி எல்லாரும் கரைக்கு ஓட வேண்டியதுதான். இலங்கைத் தமிழில் இதற்கு மனவடு என்று அழகான ஒரு சொல் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் எழுதியதைப் பார்த்தால் ஒன்று புரியும்: வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்கள் மருத்துவரிடம் வந்து "மனம் சரியில்லை" என்று ஆரம்பிப்பது அபூர்வம். தலையிடி, உடம்பு நோவு, நெஞ்சு அடைப்பு, பெருமூச்சு என்றுதான் சொல்வார்கள்.

நாம் மட்டும் என்ன? வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, தொண்டை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை. துக்கத்தையும் பொறாமையையும் பயத்தையும் உறுப்பின் பெயரோடு சேர்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். உடம்பு வேறு மனசு வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் பின்னால் வந்த பழக்கம்.

நீண்ட நாள் ஓயாத இந்த நிலைக்கு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு நோய்ப்பெயர் கொடுத்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் அவதி அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆங்கிலச் சுருக்கமான பிடிஎஸ்டி என்றே தமிழிலும் பலர் சொல்கிறார்கள். அந்தச் சிப்பாய்களைச் சோதித்தபோது ஆச்சரியம் ஒன்று காத்திருந்தது. கார்டிசால் ஏகத்துக்கும் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், பலரிடம் அது சராசரியைவிடக் குறைவாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை, ஆனால் "மனக்கஷ்டம் என்றால் கார்டிசால் ஏறும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரி இங்கே போதாது என்பது மட்டும் தெளிவு. கார்டிசாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: அழற்சியை நேரம் பார்த்து அணைப்பது. அந்தக் கட்டுப்பாடு குலைந்தால் அழற்சி மெல்லிதாக உடம்பெங்கும் கனன்றுகொண்டே இருக்கும். பிடிஎஸ்டி உள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் சராசரியாகக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

புண்ணுக்குத் தேவையான அழற்சி குறைவு, உடம்பு முழுக்கத் தேவையில்லாத அழற்சி அதிகம். முரணாகத் தோன்றும். ஈர விறகு வைத்த அடுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சோறும் வேகாது, வீடெல்லாம் புகை.

சிறு வயதில் பட்டது இன்னும் ஆழமாக இறங்குகிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதில் ரத்தத்தில் அழற்சி கூடுதலாக இருந்தது. அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் நடத்திய உடல் எடைக் குறைப்புத் திட்டத்தில், நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று ஒவ்வொருவராகக் கேட்கப் போய், பலர் சிறு வயதுப் பாலியல் கொடுமையைப் பற்றிச் சொன்னார்கள். அதிலிருந்து பிறந்த பெரிய ஆய்வு 1998இல் வெளியானது. அடி, பாலியல் கொடுமை, குடிகாரப் பெற்றோர், வீட்டில் வன்முறை போன்ற அனுபவங்கள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்கு இதய நோய், நுரையீரல் நோய் போன்றவையும் பெரியவர்களான பிறகு கூடுகின்றன என்று அது காட்டியது. புகையும் குடியும் அதில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிட முடியாது.

இதயம் என்றதும் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. பேய்க்கணவாய் என்று மீனவர்கள் சொல்லும் ஆக்டோபஸைப் பிடிக்க அங்கே குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் உள்ள ஒரு பானையைக் கடலில் இறக்குவார்கள். அதன் பெயர் டாகோட்சுபோ. கடும் அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு இதயத்தின் இடது கீழறை நுனி அப்படியே அந்தப் பானை போல உப்பிவிடும் என்பதை 1990 வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து அதே பெயரை வைத்தார்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இசிஜியில் மாற்றம் என்று மாரடைப்பு மாதிரியே வரும். உள்ளே பார்த்தால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஒரேயடியாகப் பாய்வதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே பெரும்பாலும் வருகிறது. 2004 அக்டோபரில் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே இந்த நோயாளிகள் திடீரென்று கூடினார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே துக்க வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் "அழுத களைப்பு" என்று படுக்கவைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பேச்சும் புண்ணும்

நெருப்பு சுட்டது ஆறும், நாக்கு சுட்டது ஆறாது என்று கேட்டே வளர்ந்தோம். கிளேசர் தம்பதியின் இன்னொரு ஆய்வு, 2005இல் வந்தது, இதில் ஒரு திருப்பம் வைக்கிறது. 42 தம்பதிகளை ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இரண்டு முறை, முறைக்கு ஒரு நாள் தங்கவைத்து, முன்கையில் சின்னச் சின்னக் கொப்புளக் காயங்கள் உண்டாக்கினார்கள். ஒரு முறை ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். இன்னொரு முறை வீட்டில் தீராத பிரச்சினை ஒன்றை எடுத்துப் பேசச் சொன்னார்கள். சண்டைப் பேச்சுக்குப் பிறகு காயம் மெதுவாக ஆறியது. இரண்டு சந்திப்பிலும் கடுகடுவென்று பேசிக்கொண்ட தம்பதிகளுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 சதவீதம்தான். நாக்கு சுட்டால் நெருப்பு சுட்ட புண்ணும் ஆறத் தாமதமாகும் போலிருக்கிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தண்டோரா போடும்போதெல்லாம் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும் என்று பார்த்தோம். அதோடு துக்கத்தில் மாத்திரை மறந்துபோகும், சாப்பாட்டு நேரம் மாறும், ராத்திரி தூக்கம் போகும். காலில் ஏற்கெனவே ஒரு புண் இருந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு தப்பாகப் பயன்படுத்தவும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, "எல்லா டெஸ்ட்டும் நார்மல், உங்களுக்கு மனசுதான்" என்று அனுப்பிவிடுவது. மனசுதான் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா? இரண்டாவது இன்னும் மோசம்: "நீ தைரியமா இல்லை, அதான் ஆற மாட்டேங்குது" என்று நோயாளி தலையிலேயே பழியைப் போடுவது. கவலைப்பட்டதால்தான் புற்றுநோய் வந்தது என்று படுக்கையில் இருப்பவர் காதுபடப் பேசுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்ல உறுதியான ஆதாரம் கிடையாது. மனச்சுமை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆறாமல் தடுத்துவிடாது. கட்டுப் போடுவது, ஆன்டிபயாடிக், சர்க்கரைக் கட்டுப்பாடு எதற்கும் மனசைத் தேற்றுவது மாற்று ஆகாது.

என்ன செய்யலாம்?

முதலில் செய்யக்கூடாதது. இழப்பு நடந்த மறுநாளே "எல்லாத்தையும் சொல்லி அழுதுடு" என்று நடந்ததை வலுக்கட்டாயமாகச் சொல்லவைப்பது உதவாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2013இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளைக் குறைக்க பென்சோடையாசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையைத் துக்க வீட்டில் விழுங்கவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடலாம்.

நம்மிடம் நல்ல பழக்கமும் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்து சோறு வரும். யாராவது ராத்திரி கூடவே படுத்துக்கொள்வார்கள். அதிர்ச்சிக்கு ஆளானவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி என்று இன்று பயிற்சி கொடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான்: என்ன தேவை என்று பார், சொல்வதைக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. நம் வழக்கத்தில் குறை என்னவென்றால் பதினாறாம் நாளோடு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். உடம்பின் கணக்கு அதற்குப் பிறகும் ஓடும்.

வாரங்கள் போன பிறகும் கெட்ட கனவு, திடுக்கிடல், நடந்த இடத்தை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தூக்கமின்மை தொடர்ந்தால் அதற்கென்று சிகிச்சை உண்டு. மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் முறையும் அதே 2013 வழிகாட்டுதலில் இருக்கின்றன. இந்தியாவில் மனநல உதவிக்கான டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

எழுதுவதும் உதவலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 64 முதல் 97 வயது வரையான 49 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தங்களை உலுக்கிய ஓர் அனுபவத்தைப் பற்றித் தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதியது. இன்னொரு குழு உணர்ச்சி எதுவும் கலக்காமல் அன்றாட வேலைகளைப் பற்றி எழுதியது. இரண்டு வாரம் கழித்துக் கையில் சிறு காயம். பதினோராவது நாளில் முதல் குழுவில் 76 சதவீதம் பேருக்கு முழுதாக ஆறியிருந்தது, இரண்டாவது குழுவில் 42 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான், 2013இல் வந்தது. பேனாவை மருந்துக்கடையில் விற்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செலவில்லாத காரியம். அடிபட்ட உடனே இல்லாமல் கொஞ்சம் நாள் கழித்து, தானாக விரும்பினால் செய்யலாம். எழுத எழுதத் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கோ, ஆறாத புண்ணுக்கோ போகும்போது டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சமீபத்தில் வீட்டில் என்ன நடந்தது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. கூட்டமான ஓபியில் அரை நிமிடம்தான் கிடைக்கும், தெரியும். அரை நிமிடத்துக்கு இது போதும்.

பெரியம்மாவிடம் அன்று யாரும் கேட்கவில்லை. கூடவே இருந்த நாங்களும்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தையல் சீக்கிரம் கூடியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ராத்திரி கண்ணை மூடினால் அவர் முகம்தான் வருகிறது என்றும், தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருப்பார். பிறகு ஒரு நாள் சொல்லவும் சொன்னார். அன்றிலிருந்து சித்தி மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அங்கே போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்.